பெட்டி மாமாவின் மடி

தூசி சூடேறினால் ஒரு வாசனை வரும். கருகலுமில்லை, புழுக்கமுமில்லை. சலவைத் துணியில் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டாற்போல. போன மாதம் கண்டியில் மழைக்கு ஒதுங்கி ஒரு ரேடியோ திருத்தும் கடையில் நின்றேன். கடைக்காரர் ஏதோ பழைய பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு விசையைத் தட்டினார். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்தன. அவற்றின் மேல் படிந்திருந்த தூசி வெந்தது. மழை விட்டும் நான் கிளம்பவில்லை. "என்னம்மா வேணும்" என்று அவர் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நான் அப்போது அம்பிட்டியவில், எங்கள் முன்னறையில், தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு மோட்டார் கராஜில் வேலை. கார் பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது அவர் பொறுப்பு. அமிலம் தெறித்துத் தெறித்து அவருடைய காற்சட்டைகளெல்லாம் சல்லடை. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை, தன் காரை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்காக ஒரு ரேடியோப் பெட்டியை அவருக்கு விட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் ரேடியோ இல்லை. பலா மரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஏரியல் கம்பி. பெட்டிக்குத் தீனி பாட்டரி. அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மலைப் பாதையில் ஏறி வருவார். அம்மா வாசலில் நின்று, "பெத்த புள்ளைய இப்படித் தூக்கினதில்ல" என்பாள். "புள்ளை அமிலம் கக்காதே" என்பார் அப்பா.

வாரத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், கொழும்பு வானொலியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கரகரப்பு வரும், கடல் வரும், எங்கோ ஒரு விசில் வரும். அப்புறம் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு ஒரு குரல். "கொழும்பிலிருந்து மாமா பேசுகிறேன். மருமக்களே, எல்லாரும் வந்துவிட்டீர்களா?" என் தங்கை பெட்டியின் துணி முகத்தில் வாயை வைத்து, "வந்துட்டோம் மாமா" என்பாள். அவர் ரயில் மாதிரி மூச்சுவிடுவார், நரி மாதிரி ஊளையிடுவார், கதையை முக்கியமான இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கூடக் கேட்கும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பெட்டி மாமா.

இனி அந்தக் காதுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதற்கு மேல் ஓர் அடி நகர முடியாது.

தங்கைக்கு அப்போது ஆறு வயது. காது குத்தவில்லை. எங்கள் சனத்தில் ஆறு வயதுப் பெண் பிள்ளை வெறுங்காதோடு திரிவது, கதவில்லாத வீடு மாதிரி. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூளி என்று பெயர். "ஏய் மூளி, உங்கப்பா ஊர்க் காருக்கெல்லாம் பாட்டரி மாட்டுறாரு, ஒனக்கு ஒரு தோடு மாட்ட மாட்டாராடி?" அவள் தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வீடு வருவாள்.

எனக்குக் குத்தியாயிற்று. குழந்தையில், தாய்மாமன் மடியில், முறைப்படி. அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் வாங்கி வந்த பொட்டுத் தோடுகள் பிற்பாடு எனக்குச் சிறியதாகி அலுமாரிக்குள் போய்விட்டன. தங்கை பிறந்த வருஷம் மாமா வேதத்தில் சேர்ந்து, குண்டசாலையில் ஒரு கத்தோலிக்க வீட்டில் கலியாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அப்பா அவர் முகத்தில் விழிக்கவில்லை. "வேதத்துல சேந்தவன் மடியில என் புள்ளைக்குக் காது குத்துறதா?" என்றார். "மதம் மாறினா மடி மாறிடுமா?" என்றாள் அம்மா. "என் தம்பி மடி இல்லாம எவன் மடியிலயும் நான் அவள ஒக்கார வைக்க மாட்டேன்." அவ்வளவுதான் சண்டை. அதற்கு மேல் யாரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும். இரண்டு பேரும் தத்தம் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் அந்த இரண்டு சின்னக் காதுகள்.

மாமா எங்கே என்று தங்கை கேட்கத் தொடங்கியபோது அப்பா ஒரு பதில் சொன்னார். "கொழும்புல வேலையா இருக்காரு." குண்டசாலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்; பஸ்ஸில் போய்விடலாம். அந்த உண்மையைச் சொன்னால், இப்பவே போவோம் என்று கிளம்பிவிடுவாள். அதனால் கொழும்பு.

பெட்டியும் கொழும்பிலிருந்து பேசியது. பெட்டியும் மாமா என்றது, மருமக்களே என்றது.

அவள் அம்மாவிடம் கேட்ட அந்தச் சாயங்காலம் நானும் இருந்தேன். "அம்மா, பெட்டிக்குள்ள பேசுறவரு, அவருதானே நம்ம மாமா?" அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "ம்" என்றாள்.

அதை ஒரு சொல் என்று கூடச் சொல்ல முடியாது. வாய் திறக்காமல் வருகிற சத்தம். மாதக்கணக்கில் என் தங்கை அதன் மேல்தான் குடியிருந்தாள்.

அடுத்த ஓகஸ்ட் விடுமுறையின்போது பெட்டி மாமா சொன்னார்: கொழும்புப் பக்கம் வருகிற மருமக்கள் வானொலி நிலையத்துக்கு வரலாம், மாமாவைப் பார்க்கலாம், ஆளுக்கு ஒரு வார்த்தை பேசலாம். அப்பாவின் அக்கா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தாள். போகலாம் என்று அப்பாதான் முதலில் சொன்னார். பெட்டி எப்படிப் பேசுகிறது என்பதைப் பேசுகிற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எங்களைவிட ஆசை.

பெரஹரா ஊர்வலச் சமயம். ஊரெல்லாம் கண்டிக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தை இடித்து விலக்கிக்கொண்டு நாங்கள் மட்டும் ஏறினோம். "எல்லாரும் யானை பாக்க வர்றாங்க, நாம பெட்டி பாக்கப் போறோம்" என்றார் அப்பா. தங்கை சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையை மூடியே வைத்திருந்தாள். கடுகண்ணாவையில் ரயில் குகைக்குள் நுழைந்தது. இருட்டு, புகை, இரும்பின் அலறல். மறுபடி வெளிச்சம் வந்தபோது அவள் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு கிடந்தது. இருட்டில் பயந்து கையை விட்டிருக்கிறாள்.

"என்னடி அது?" அம்மா முடிச்சை அவிழ்த்தாள். என் பழைய தோடுகள்.

"அலுமாரியில இருந்து எடுத்தியா? எதுக்குடி?"

"மாமாக்கிட்டக் காட்டத்தான். அவரு வரும்போது தேடிக்கிட்டு இருக்கக்கூடாதுல்ல."

"எந்த மாமா?" என்றார் அப்பா.

"நம்ம மாமா. அம்மாதான் சொன்னாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தோடுகளைப் பார்த்தாள்.

"நீ சொன்னியா?"

"நான் ஒன்னும் சொல்லல. ம்னேன்."

"எதுக்கு ம்னே?"

"அடுப்புல பால் பொங்கிருச்சு."

அப்பா வெளியே பார்த்தார். பள்ளத்தாக்கு சுழன்று சுழன்று கீழே போய்க்கொண்டிருந்தது. பிறகு தங்கையைப் பக்கத்தில் இழுத்து, "சின்னவளே, அவரு வேற மாமாடா. எல்லாப் புள்ளைங்களுக்கும் மாமா" என்றார்.

"அப்ப நம்ம மாமா கொழும்புல எங்க இருக்காரு?"

அப்பா காற்சட்டையின் அமில ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றினார். நான் அதைப் பார்த்தேன். ஒரு பொய்யைக் கழற்ற வேண்டுமானால் இன்னொன்றையும் கழற்ற வேண்டும். அதைக் கழற்றினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு தெரிந்துவிடும். அந்த வீடு தெரிந்தால் அவர் அங்கே போய் நிற்க வேண்டும். எத்தனையோ காரைக் கிளப்பி விட்ட மனிதர், இந்த இடத்தில் எந்தக் கம்பியைத் தொடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "கொழும்பு பெரிய ஊருடா" என்றார் கடைசியில்.

"தெரியும்" என்றாள் அவள். முடிச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வண்டி கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது. நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு போனோம். சரிவில் உருளத் தொடங்கிவிட்ட ஒரு சின்னப் பொருள். குறுக்கே கை வைக்கலாம். யாரும் வைக்கவில்லை. வைக்கத் தெரியவில்லை.

பெட்டி மாமா பேசுகிற அறையை நான் பெரிய மாளிகையாக நினைத்திருந்தேன். கடலும் நரியும் ரயிலும் கொள்ளுகிற இடமல்லவா. ஒரு சாதாரண அறை. சுவரெல்லாம் தடித்த துணி தொங்கியது. தரையில் கம்பளம். பேசினால் குரல் எங்கும் மோதித் திரும்பவில்லை. வாயிலிருந்து விழுந்து காலடியிலேயே கிடந்தது. ஒரு பியானோ, ஒரு கிராமபோன், சில கதிரைகள், நடுவில் தூக்கிக் கட்டிய மைக்கு. ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அப்பால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒருவர். இருமல் வந்தால் வாயில் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும், சிவப்பு விளக்கு எரியும்போது காலைக்கூட அசைக்கக்கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போக வேண்டும் போலிருந்தது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

பெட்டி மாமா ஒல்லியான இளைஞர். மூக்கு சிவந்து, ஜலதோஷம். மைக்குக்கு வெளியே அவர் பேசியது வேறு தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ். "வாங்கோ, வாங்கோ. எங்கயிருந்து வாறியள்? கண்டியோ? இருங்கோ பிள்ளை, பயப்பிடாதையுங்கோ." எனக்கு ஏமாற்றம். தங்கைக்கு இல்லை. அவள் பிறந்தபின் மாமாவைக் கண்டதே கிடையாது. எந்த முகமானாலும் பொருந்தும், எந்தப் பேச்சும் பொருந்தும். குரல் அதே குரல்.

எங்களோடு வேறு சில பிள்ளைகளும் இருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கொழும்பிலிருந்து மாமா பேசுகிறேன். மருமக்களே." யாழ்ப்பாணம் போய்விட்டது, ஜலதோஷம் கூடப் போய்விட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கின் முன் வந்து, நான் இந்த ஊர், எனக்கு இன்ன பாட்டுப் பிடிக்கும் என்று சொன்னார்கள். தங்கையின் முறை. அவள் மைக்குக்குப் போகவில்லை. நேரே அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் போய், ஒரு காலை ஊன்றி ஏறி, அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். காது குத்த உட்காருவது போலவே, முதுகை நேராக வைத்து, தலைமுடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிக்கொண்டு.

"கண்டியிலிருந்து ஒரு குட்டி மருமகள் வந்திருக்கிறார்" என்றார் அவர், குரல் பிசகாமல். "சொல்லுங்கள் மருமகளே."

"மாமா, காது குத்த எப்ப வர்றீங்க?"

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் தலையைத் தூக்கினார். அப்பா தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தானே பேசிவிட்டதைப் போல. அம்மா கம்பளத்தைப் பார்த்தாள். ஒரு கணம் அந்த மௌனம் கம்பிகளில் ஏறி, கடலோரமாகவும் மலைமேலும் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் போனது.

பாவம், மௌனத்தை நிரப்புவதுதான் அவருடைய வேலை. அவர் சிரித்தார். "அதுதானே? மாமா இல்லாமல் காது குத்துவதா? மாமா மடியில்தானே குத்த வேண்டும்?"

"ஆமா. அம்மாவும் அதத்தான் சொல்றாங்க. அப்பா இப்ப ஒன்னும் சொல்ல மாட்டாரு. தோடு இருக்கு." முடிச்சைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்துக் கையை அசைத்தார். கிராமபோன் சுழன்றது. யாரோ ஏதோ குழந்தைப் பாட்டுப் பாடினார்கள். விளக்கு அணைந்தது. அவள் மடியிலிருந்து இறங்கவில்லை. அவர் அவளைப் பிடித்தபடியே அம்மாவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"என்னக்கா, என்ன விசயம்?"

அக்கா என்றார். முன்பின் தெரியாத பெண்ணிடம் மரியாதைக்குச் சொல்கிற அக்கா. அம்மாவை அந்தச் சொல்லால் கூப்பிட உலகத்தில் உரிமை உள்ளவர் ஒருவர்தான். அவர் கூப்பிட்டு ஆறு வருஷமாகிறது. அம்மா பதில் சொல்ல நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அந்தத் துணிச் சுவர் அழுகைச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

தங்கை என்னைப் பார்த்தாள். பாத்தியா, என்றது முகம். அக்கான்னு கூப்பிடுறாரு, அம்மா அழுவுது. வேற என்ன வேணும்?

"ஒன்னுமில்ல தம்பி" என்றார் அப்பா. "புள்ளை... நாங்க ஒன்னு சொல்லி வச்சோம்... அது ஒன்னு நெனச்சிருச்சு." சொல்லச் சொல்ல அவருக்கே அது விளங்காமல் போனது. அந்த இளைஞர் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ உடைந்திருக்கிறது, அதில் தன் கையும் பட்டுவிட்டது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. "ஓம் ஓம்" என்றார். "ஓம்." பாட்டு முடியப் போகிறது என்று கண்ணாடிக்காரர் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைக் கடைசியில் வைக்க எனக்குத் தெம்பில்லை.

கண்டிக்குத் திரும்பினோம். அடுத்த வாரம் அதே நேரத்தில் பெட்டியைப் போட்டார் அப்பா. "கொழும்பிலிருந்து மாமா பேசுகிறேன்." தங்கை அழுதாள். "இன்னும் கெளம்பலயே." அதற்கடுத்த வாரமும் அந்தக் குரல். இன்னும் கிளம்பவில்லை. முன்பு அவள் ஓடி வந்த குரலைக் கேட்டு இப்போது உள்ளே ஓடினாள். பிறகு ஒரு வாரம் வேறு யாரோ பேசினார்கள். பெட்டி மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். தங்கை எழுந்து முகம் கழுவி, நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். மலைப் பாதையில் ஏறி வருகிற ஒவ்வொரு தலையையும் பார்த்தாள். இருட்டிய பிறகும் அம்மா அவளைக் கூப்பிடவில்லை. அப்பா பாட்டரிக் கம்பிகளைக் கழற்றி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வெற்றிலைக்கட்டும் பாக்கும் வாங்கிக்கொண்டு குண்டசாலைக்குக் கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. வெற்றிலையைப் பார்த்து அம்மா புரிந்துகொண்டாள். ஆற்றுப் பாலத்தடியில் இறங்கியிருக்கிறார். பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். வெற்றிலையோடு திரும்பி வந்தார். அது அன்றிரவு எங்கள் வீட்டுத் தட்டிலேயே இருந்தது. அவரும் அம்மாவும் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்து மென்றார்கள். மறு வருஷம் அவர் பாலத்தைத் தாண்டியே போனாராம். அப்போது மாமா குடும்பத்தோடு புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். பூட்டிய வீடு.

தங்கைக்குக் காது குத்தியது அவள் கலியாணத்துக்கு முன்னால், டவுனில் நகை செய்கிற ஒரு பத்தர் கடையில். கதிரையில் தனியாக உட்கார்ந்து குத்திக்கொண்டாள். வலித்ததா என்றேன். "மடின்னா கொஞ்சம் சாஞ்சுக்கலாம்" என்றாள்.

எங்களில் யார் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்கிறார்கள்? மலை நாட்டிலும் சொல்வதில்லை, யாழ்ப்பாணத்திலும் சொல்வதில்லை. போகிறவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அபசகுனம். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போதும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது. ஆறு வயதில் ஒரு சொல்லுக்கு அதன் அர்த்தம்தான் அர்த்தம்.

அன்று கொழும்பில், நிகழ்ச்சி முடிந்து பெட்டி மாமா எங்களோடு நடைவழி வரை வந்தார். ஜலதோஷம் திரும்பி வந்துவிட்டது. தங்கையின் முன் குந்தி, கைக்குட்டை முடிச்சை அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "இதைக் கவனமா வச்சிருங்கோ, என்ன?" உள்ளேயிருந்து யாரோ அவரை அழைத்தார்கள். எழுந்தார். அப்பாவுக்குத் தலையசைத்தார். கதவில் கை வைத்தபடி தங்கையின் பக்கம் திரும்பினார்.

"சரி பிள்ளை, அப்ப நான் வாறன்."

"சரி மாமா" என்றாள் என் தங்கை. "நாங்க வீட்டுலயே இருப்போம்."